மூட முடியாத லேப்டாப்

கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்த இரண்டாவது வருடம், கேபிள்காரர் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுத்தார். பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டு எங்கள் ஊர். போனில் பேசச் சிக்னல் கிடைக்கும். நெட் கிடைக்காது. நெட் வேண்டுமென்றால் கடற்கரை வரை நடந்து, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மேட்டில் நிற்க வேண்டும். எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியின் வேலை வீட்டிலிருந்தே செய்யும்படி கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அதற்காகத்தான் வயர்.

கேபிள்காரர் கொண்டுவந்த பெட்டியில் வைஃபை கிடையாது.

"வைஃபை பெட்டி இப்ப கைல இல்லமா. அடுத்த வாரம் மாத்திக் குடுக்கறேன்," என்றார்.

அந்த அடுத்த வாரம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அதுவரை பெட்டியிலிருந்து ஒரு வயர் நேராக என் லேப்டாப்பில் போய்ச் சேர்ந்தது. வயரின் நீளம் இரண்டு முழம்கூட இல்லை. அடுப்பறைச் சுவரை ஒட்டிய மூலையில், ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்தாக வேண்டும். லேப்டாப் நான் காலேஜில் படித்தபோது வாங்கியது. பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்ட் இருந்தால் ஓடும், இல்லையென்றால் அந்த நொடியே அணைந்துவிடும்.

லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட்டாக மாற்றலாம் என்று கண்டுபிடித்தவள் நான்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். காலையில் காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று பார்க்க, தினமும் போனை எடுத்துக்கொண்டு கடற்கரை மேட்டுக்கு ஓடுவார். ஒருநாள் மழையில் நனைந்தபடி திரும்பி வந்தார். பாவமாக இருந்தது. லேப்டாப்பின் செட்டிங்ஸில் தேடினேன். மொபைல் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று இருந்தது. அதை ஆன் செய்து, ஒரு பெயர் வைத்து, பாஸ்வேர்டு போட்டேன். அவர் போனில் நெட் வந்தது. பாயில் உட்கார்ந்தபடியே காற்றைப் பார்த்தார்.

"இன்னா பண்ண நீ?" என்று கேட்டுச் சிரித்தார். கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவரோடு படகில் போகும் மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். அடுத்த வாரம் அத்தை, அதாவது என் மாமியார், தன் போனை நீட்டினார், சீரியல் பார்க்க. பிறகு எதிர்வீட்டு மாமா, அவருக்குப் பின் ஊர்த் தலைவர். இப்படி ஏழு பேர். என் போன் எட்டாவது. எட்டுக்கு மேல் அந்த லேப்டாப் ஏற்காது. ஒன்பதாவதாக ஒருவர் வந்தால், "இடமில்லண்ணே" என்று பஸ் கண்டக்டர் மாதிரிச் சொல்வேன்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெருமை எப்போது முடிந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். லேப்டாப்பை மூடிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"இன்னாமா, நெட்டு போச்சு?"

"இன்னிக்கு லீவுண்ணே."

"உனுக்குத்தானே லீவு? எங்களுக்கு இன்னா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எண்ணெய்க் கையோடு எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்தேன். அதன்பிறகு அதை மூடவே இல்லை. மூடினாலும் ஓடும்படி செட்டிங்ஸை மாற்றிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் சூடாகி அணைந்துவிட்டது. திறந்து வைத்திருந்தால்தான் ஓடியது. கரண்ட் போய் வந்தால் நான்தான் மறுபடி ஆன் செய்து, என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், ஹாட்ஸ்பாட்டைத் தட்டிவிட வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது போய் வரும். கடற்கரைக்கு நடந்தாலும், அத்தைக்குத் துணையாக மீன் கூடை தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போனாலும், பாதி வழியில் யாராவது கூப்பிடுவார்கள்.

தங்கைக்குத் திருப்பாலைவனத்தில் வளைகாப்பு வந்தது. மூன்று நாள் தங்குவதாகச் சொன்னேன்.

"போய்ட்டு வா, யாரு வேணான்னது? லேப்டாப்பு இங்க இருக்கட்டும்," என்றார் அத்தை.

"கரண்ட் போனா யாரு போடுவாங்க?"

"உன் ரகசிய நம்பர அவன்கிட்ட சொல்லிட்டுப் போ."

என் வீட்டுக்காரரும் கேட்டார். நான் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை உள்ளே இருக்கிறது, சொல்லக் கூடாது என்றேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தப் பாஸ்வேர்டு ஒன்றுதான். அலமாரிச் சாவிகூட அத்தையிடம் இருந்தது. சொல்லாததால் மூன்று நாளும் தங்க முடியவில்லை. காலையில் போய், தங்கை கையில் வளையல் போட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவந்தேன். அம்மா பஸ் வரை வந்து, "அப்படி இன்னாடி அவசரம்?" என்று கேட்டாள். இன்டர்நெட் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலைவலி என்றேன்.

எதிர்வீட்டு மாமாவுக்கு ஒரே மகள். நர்சிங் படித்து முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தாள். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். படிக்கும்போது அவளிடம் டச் போன் இருந்தது. படிப்பு முடிந்ததும் மாமா அதை வாங்கி வைத்துக்கொண்டார், பொண்ணு கையில் போன் எதற்கு என்று. அடுத்த குப்பத்தில் அவளுடைய தாய்மாமன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். பையன் நல்லவன்தான், அதை அவளே சொல்வாள்.

ஒருநாள் பகலில் அத்தை பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போயிருந்த நேரம், அவள் வந்தாள். தாவணிக்குள்ளிருந்து கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனை எடுத்தாள். காலேஜ் தோழி கொடுத்ததாம்.

"அண்ணி, எனக்கும் நெட்டு குடு."

"எட்டும் ரொம்பிடுச்சு. யாரை எடுக்கறது?"

"உன் மாமியாரை எடு."

"கொன்னுடும்."

இருவரும் சிரித்தோம். பிறகு அந்த எட்டிலிருந்து என் போனை எடுத்துவிட்டேன். எனக்கு லேப்டாப்பே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். என் இடத்தில் அவளைச் சேர்த்தேன். அன்று முதல் அவள் தன் வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் என்னிடம் சொல்வாள். நான் பில் ஏற்றிக்கொண்டே கேட்பேன்.

இரண்டு மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி வீடியோவில் இன்டர்வியூ வைக்கிறோம் என்று கூப்பிட்டது. அவள் போனில் கேமரா உடைந்திருந்தது. என் லேப்டாப்பில்தான் செய்ய வேண்டும். பகல் ஒன்றரை மணி, என் சாப்பாட்டு நேரம். எங்கள் லைன் மெதுவானது. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் முகம் அங்கே உறைந்து நின்றுவிடும். அதனால் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அரை மணி நேரம்தானே.

அவள் என் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். காதில் என் இயர்போன். ஜன்னலைச் சாத்தினேன். ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். திரையில் மூன்று பேர் வந்தார்கள். நான் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, முன்னால் நின்றுகொண்டேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. முதலில் இரண்டு பேர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்கள். கையை ஆட்டி அனுப்பினேன். மூன்றாவதாக எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாமா போனைப் பிடித்தபடி என்னை நோக்கி வந்தார்.

"இன்னாமா, சுத்திக்கினே கீது?"

"அப்டேட் ஆவுது மாமா. அரை மணி நேரம் ஆவும்."

"கரண்ட் கீதே?"

"கரண்ட் இல்ல மாமா, இது வேற. லேப்டாப்பு தானா பண்ணிக்கும்."

போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பீடி பற்ற வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள். அவள் குரல் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. அப்பாவின் குரலைக் கேட்டிருப்பாள். அந்த மூன்று பேர் ஏதோ கேட்டிருக்க வேண்டும், இவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசு, பேசு என்று மனதுக்குள் கத்தினேன். கதவைத் திறக்கவும் முடியாது, அவரைப் போகச் சொல்லவும் முடியாது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

பிறகு அவள் பேசினாள். முதலில் மெதுவாக. சத்தமாகப் பேசச் சொன்னார்கள் போலிருக்கிறது, குரலை உயர்த்தினாள். ஆங்கிலத்தில், நிறுத்தாமல், திருத்தமாக. நோயாளிக்கு மூச்சுத் திணறினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா தலையைத் தூக்கினார்.

"உள்ள யாரு?"

"ஆபீஸ் மீட்டிங் மாமா. லேப்டாப்புல ஒரு பொண்ணு பேசுது."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நல்லா பேசுதே," என்றார். "தெளிவா பேசுது."

எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்டேட் முடிஞ்சா சொல்லு," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. மகள் ஆங்கிலம் பேசி அவர் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவள் ஊரில் இல்லை. சர்டிபிகேட்டுகளையும் இரண்டு செட் துணியையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் பொன்னேரிக்குப் போய்விட்டாள். என்னிடமும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள். ஆனால் எனக்கு வேறொன்றும் இருந்தது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் போனது தெரிந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. என் இடத்தைக் கொடுத்தேன், அவள் அதில் ஏறிப் போய்விட்டாள் என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் சேர்ந்ததும் அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். எங்கே இருக்கிறாள், எப்படிப் போனாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி வீட்டு நெட்டில்தான் இன்டர்வியூ கொடுத்தேன் என்பதையும் சொன்னாள். அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னதுதான். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் ஊர்த் தலைவர் இரண்டு பெரியவர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவும் பின்னால் வந்து வாசலிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் பாய் விரித்தார். நான் அந்த மூலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இத்த யாரு குடுக்கச் சொன்னது?" என்று கேட்டார் தலைவர். கேள்வி என் வீட்டுக்காரரிடம்.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நானே பேசினேன்.

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். அதுவும் கேட்டுச்சு."

"இன்னும் யார் யாருக்குக் குடுத்துருக்க?"

லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினேன். வயர் அவ்வளவுதான் நீண்டது, பாதிதான் திரும்பியது. அந்த நேரத்தில் நெட் யாரிடமெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் திரையில் இருந்தது. ஆறு போன்கள். தலைவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மூன்றாவது அவருடைய போன். அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, அங்கே நின்றபடியே என் நெட்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

"இது நான்தானா?"

"ஆமாங்க."

ஒரு பெரியவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவருக்குக் கோபம் வரவில்லை, ஆனால் விடவும் இல்லை. போய் உட்கார்ந்து, யோசித்துச் சொன்னார். நெட் இருக்கட்டும், காற்று பார்க்க எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. பெண்கள் போனுக்குக் கொடுக்கக் கூடாது. ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். பாஸ்வேர்டு ஆம்பளை கையில் இருக்க வேண்டும்.

"சரிங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

வாசலில் நின்ற மாமா பக்கம் திரும்பினேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "உடுங்க, போனவ போய்ட்டா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எல்லோரும் போனதும் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"நம்பர எழுதிக் குடு."

"தரமாட்டேன்."

"சரின்னு சொல்லிட்டேன்ல?"

"நீ சொன்ன. நான் சொல்லல."

அவர் என்னை அடிக்கிறவர் இல்லை. கதவை ஓங்கி அறைந்துவிட்டு வெளியே போனார். நான் ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். மறுநாளும் போடவில்லை, அதற்கடுத்த நாளும் போடவில்லை. வயரில் வரும் நெட்டில் என் வேலையை மட்டும் பார்த்தேன். மாலையானதும் லேப்டாப்பை மூடினேன்.

பதினேழு நாள் அப்படி இருந்தேன். கடலுக்குப் போகிறவர்கள் பழையபடி மேட்டுக்கு நடந்தார்கள். என் வீட்டுக்காரரும் நடந்தார், என்னிடம் பேசாமல். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தார். குழாயடியில் என் குடம் கடைசியில் நின்றது. தன் புருஷன் காற்று தெரியாமல் கடலுக்குப் போனான் என்று ஒருத்தி என் காதில் படும்படி சொன்னாள். அதுதான் என்னை மிகவும் உலுக்கியது. காற்றுக்காக மட்டும் காலையில் ஒரு மணி நேரம் போட்டுவிடலாமா என்று பல முறை திரை வரை விரல் போனது. போட்டிருந்தால் பழையபடி எல்லாம் ஆரம்பித்திருக்கும். போடவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாருக்காவது கடலில் ஏதாவது ஆகியிருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

பதினெட்டாம் நாள் கேபிள்காரர் வந்தார். எங்கள் வீட்டுக்கு இல்லை, தலைவர் வீட்டுக்கு. வைஃபை பெட்டி. அடுத்த மாதத்துக்குள் ஆறு வீட்டில் பெட்டி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று மாட்டினார். அதற்குப் பிறகு என் லேப்டாப்பை யாரும் கேட்கவில்லை. ஜன்னலில் குரல் வரவில்லை. நான் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டிலில் உட்கார்ந்துகூட வேலை செய்யலாம். முதல் நாள் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அரை மணியில் முதுகு வலித்தது, திரும்பி அந்த மூலைக்கே வந்துவிட்டேன். அன்றைக்கு ஏனோ அழுகை வந்தது.

இதற்கெல்லாம் ஐந்து மாதம் கழித்து எதிர்வீட்டு மாமா ஒரு மத்தியானம் வந்தார். அவரிடம் சொந்தமாக நெட் இருந்தது. இருந்தாலும் வந்தார்.

"அந்த ஆஸ்பத்திரி எங்க கீதுன்னு காட்டுமா."

மேப்பைத் திறந்து காட்டினேன். எங்கள் குப்பத்திலிருந்து ஒரு நீலக் கோடு பொன்னேரி, மீஞ்சூர், சென்னை என்று இறங்கி, மேற்கே நீண்டு போனது. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டபடியே போனார்.

"சென்ட்ரல்ல ஏறுனா நேரா போயிடுமா?"

"போயிடும் மாமா. ஒரே ரயிலு."

"கருவாடு எடுத்துனு போலாமா, ரயில்ல?"

"நல்லா கட்டி எடுத்துனு போங்க. நாத்தம் வராம."

அவர் போய்விட்டு வந்தார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். கல்யாணப் பேச்சு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. தாய்மாமன் வீட்டோடு அவர்களுக்கு இன்னும் பேச்சு இல்லை.

என் கதைக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் ஆபீஸ், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வாரத்தில் ஒருநாளாவது நேரில் வர வேண்டும் என்றது. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் அப்படியே இழுத்தார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில், "ஒருநாள்தானே, போ," என்றார். இப்போது புதன்கிழமைகளில் போகிறேன். காலையில் அத்தை மீன் கூடையோடு ஏறும் ஷேர் ஆட்டோவில் நானும் ஏறுகிறேன். அவர் மார்க்கெட்டில் இறங்கிக்கொள்கிறார், நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். என் புடவையில் மீன் வாடை வராமல் இருக்க அவரே கூடையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வார்.

ஆபீசில் பெரிய ஜன்னல், ஏசி, பேசிச் சிரிக்க நாலு பேர். அங்கே உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை. ஆனால் திரும்பும் ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்கு வரும் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டால், இருட்டிய பிறகு பாலம் தாண்ட ஆட்டோ கிடைக்காது. அதனால் நான்கு மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் அது. "இன்னும் பத்து நிமிஷம் இருங்களேன்" என்று கூப்பிடுவார்கள். பையை மாட்டிக்கொண்டே, அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு, படிகளில் வேகமாக இறங்குகிறேன்.